பாத்ரூம் போகாமல் வாருங்கள்

தும்மல் வரப்போகிறது என்று தெரிந்ததுமே கால்களை ஒடுக்கிக்கொள்ளும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும்,

கல்யாண மண்டபத்தில் வாசலை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்காருகிறீர்கள். பஸ்ஸில் போக வேண்டிய நாளில் காலையிலிருந்தே பல்லில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்கிறீர்கள். ஈரம் தெரியாத அடர்நிறச் சேலைகளே பீரோவில் சேர்ந்துவிட்டன. வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் நாத்தனார் பக்கத்தில் வந்தால் உள்ளுக்குள் ஒரு கிலி. பலர் இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன சிலருக்குக் கிடைத்த பதில், “ரெண்டு மூணு பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்தானே.”

சகஜம்தான். சர்க்கரை நோய்கூட இன்று சகஜம்தான். அதற்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்க யாரும் கூச்சப்படுவதில்லை.

நான் மகப்பேறு, மகளிர் நலப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர். இந்தச் சிறுநீர்க் கசிவுக்கான வைத்தியத்தைப் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு முந்தைய படியைப் பற்றி, அதாவது பரிசோதனைகளைப் பற்றி. “டாக்டர்கிட்ட போனா ட்யூப் போடுவாங்களாம், கம்ப்யூட்டர்ல என்னென்னவோ பாப்பாங்களாம், கடைசியில ஆபரேஷன்னு சொல்லிடுவாங்களாம்” என்று பக்கத்து வீட்டில் கேட்டதை நம்பியே வராமல் இருந்துவிடுகிறவர்கள் நிறைய. உங்களில் பெரும்பாலோருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு, ஒரு அளவுக் குவளை, நன்றாக ஒரு இருமல், இவ்வளவும் கொஞ்சம் வெளிப்படையான பேச்சும் போதும்.

கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்கலாம். சேலையில் படும் ஈரம் ஒன்றுபோலத் தெரிந்தாலும் அது வரும் காரணம் வேறு வேறு. இருமும்போது, தும்மும்போது, சிரிக்கும்போது, குடத்தை இடுப்பில் ஏற்றும்போது சொட்டாகவோ பீய்ச்சலாகவோ வந்து, அந்தச் செயல் முடிந்ததும் நின்றுவிட்டால் அது அழுத்தக் கசிவு. இன்னொன்று அவசரக் கசிவு. அதற்கு இருமல் தும்மல் எதுவும் வேண்டாம். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலோ, வெளியே போய்விட்டு வந்து கதவுப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதோ, திடீரென்று முட்டிக்கொண்டு வரும். பாத்ரூமுக்குப் போய்ச் சேருவதற்குள் நனைந்துவிடும். சிறுநீர்ப்பையின் தசை நம் சம்மதத்துக்குக் காத்திராமல் தானாகச் சுருங்குவதால் வருவது அது. இரண்டும் கலந்திருப்பவர்களும் உண்டு.

அழுத்தக் கசிவில் பெரும்பாலும் பையின் மேல் குற்றமில்லை. நீர் வெளியேறும் குழாய்க்கு அடியில் தாங்குதளமாக இருக்கும் தசையும் ஜவ்வும் தளர்ந்துபோயிருக்கும். பிரசவம், உடல் எடை, வருடக்கணக்கான இருமல், மலச்சிக்கலோடு முக்குவது என்று காரணங்கள் பல. ஜான் டிலான்சி என்ற அமெரிக்க மகளிர் நல மருத்துவர் 1994இல் எழுதிய விளக்கத்தைத் தோட்டத்து ரப்பர் குழாயை வைத்துப் புரிந்துகொள்ளலாம். சிமென்ட் தரையில் கிடக்கும் குழாயை மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே குழாய் சேற்றில் கிடந்தால், எவ்வளவு மிதித்தாலும் அது சேற்றில் புதையுமே தவிர நசுங்காது. இருமல்தான் அந்த மிதி. சிலருக்குத் தளம் சரியாகவே இருந்தும், குழாயை மூடிவைக்கும் சுருக்குத் தசை பலவீனமாக இருக்கும். அது கொஞ்சம் கடினமான வகை.

இந்த வித்தியாசம் தெரியாமல் வைத்தியம் செய்தால் என்ன ஆகும்? அவசரக் கசிவுக்குப் பையை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை அழுத்தக் கசிவு மட்டும் உள்ளவர் சாப்பிட்டால் கசிவு குறையாது. வாய் வறளும், மலம் இறுகும், முக்க வேண்டிவரும், தளம் இன்னும் தளரும். மாறாக, அவசரக் கசிவு மட்டும் உள்ளவருக்கு அழுத்தக் கசிவுக்கான அறுவைச் சிகிச்சை செய்தால் பலன் இருக்காது. அவசரம் கூடிப்போகவும் வாய்ப்புண்டு. கடைக்காரரிடம் “யூரின் அடக்க முடியல, ஏதாவது மாத்திரை குடுங்க” என்று வாங்கிச் சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

முதல் பரிசோதனை பேச்சு. எப்போது வருகிறது, சொட்டா, உள்பாவாடை நனையும் அளவா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், பிரசவங்கள் எப்படி, ஆயுதம் போட்டு எடுத்ததா, குழந்தை எடை என்ன, மாதவிலக்கு நின்றுவிட்டதா, கர்ப்பப்பை எடுத்திருக்கிறதா, அடி இறங்கினதுபோல் கனம் தெரிகிறதா என்றெல்லாம் கேட்போம். கேட்காத டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையின் அட்டைகளையும் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஒன்றையும் விடாமல். ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் வகை மாத்திரை சாப்பிடுகிற சிலருக்கு வறட்டு இருமல் வரும். கசிவைக் கொண்டுவருவது அந்த இருமலாக இருக்கலாம். மாத்திரையை மாற்றினாலே பாதித் தொல்லை போய்விடும். பிரசோசின் என்றொரு ரத்த அழுத்த மாத்திரை, நீர்க்குழாயின் சுருக்கையே தளர்த்திவிடக்கூடியது. நீர் பிரிவதற்கான மாத்திரையைச் சாயங்காலம் போட்டுக்கொண்டு, ராத்திரி முழுக்க எழுந்து நடந்துவிட்டு, தூக்கமில்லை என்று சொல்லி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது நோட்டு. என்னைக் கேட்டால், எந்த இயந்திரத்தையும்விட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். மூன்று நாள் போதும். அதில் ஒரு நாளாவது நீங்கள் வேலைக்கோ வயலுக்கோ போகிற நாளாக இருக்கட்டும். மில்லிலிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றை இதற்கென்றே பாத்ரூமில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதில் பிடித்து, அளவைப் பார்த்து, நேரத்தோடு எழுதுங்கள். இப்படி இருக்கும்: “காலை 6, 350. 7 மணிக்குக் காபி ஒரு டம்ளர். 8.15, 90, வெளிய கிளம்புறதால போய் வச்சது. 10.40, மாவு டப்பா தூக்கும்போது கசிஞ்சுது, கொஞ்சம். 12 மணிக்குத் தண்ணி ரெண்டு டம்ளர். 1.30, அவசரம், 220.” எழுதத் தெரியாதவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியதில்லை. இருமலில் கசிந்தால் புள்ளி, அவசரத்தில் கசிந்தால் கோடு. இவ்வளவு போட்டுவந்தாலே எனக்குப் புரியும்.

இந்த மூன்று பக்கத்தில் எவ்வளவோ தெரிந்துவிடும். பொதுவாக ஒரு தடவைக்கு 200 முதல் 400 மில்லி வரை, பகலில் ஏழெட்டு முறைக்குள் போவது இயல்பு. கசிந்துவிடுமோ என்ற பயத்திலேயே மணிக்கொரு தரம் போய், போகும்போதெல்லாம் 80, 90 மில்லிதான் வருகிறது என்றால், பை நிறையும் பழக்கத்தையே மறந்துகொண்டிருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி ஒரு நாளைக்கு நாலு லிட்டர் குடிப்பவருக்கு, முதலில் குடிப்பதைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். பகலில் போவதைவிட ராத்திரியில் அதிகமாகப் போகிறவரின் கால் வீக்கத்தையும் சர்க்கரையையும் இதயத்தையும் பார்க்க வேண்டும். கோடுகளே இல்லாமல் புள்ளிகள் மட்டும் இருந்தால் கிட்டத்தட்ட முடிவு தெரிந்த மாதிரிதான்.

சிறுநீர்ப் பரிசோதனை உங்களுக்குப் புதிதல்ல. கிருமித் தொற்றோ சர்க்கரையோ ரத்தமோ இருக்கிறதா என்று பார்க்கிறோம். தொற்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றது எல்லாம்.

இனி இருமல் பரிசோதனை. நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததற்கே காரணம் இதுதான். பெண்கள் நலப் பிரிவில், உள்ளே கூப்பிடுவதற்கு முன் நர்ஸ் வழக்கமாகச் சொல்வது, “பாத்ரூம் போயிட்டு வந்து படுங்கம்மா.” கர்ப்பப்பையைக் கைவைத்துப் பார்க்க அதுதான் சௌகரியம். நீங்களும் மேஜையில் கசிந்துவிட்டால் அவமானம் என்று, சொல்வதற்கு முன்பே போய்விட்டு வந்துவிடுகிறீர்கள். காலிப் பையோடு படுத்துக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதபடி மரியாதையாக இருமினால் எங்கிருந்து வரும்? “ஒன்றும் இல்லையே” என்று சீட்டில் எழுதி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறும்போது நனையும்.

ஆகவே பாத்ரூம் போகாமல் வாருங்கள். அடக்க முடியாமல் துடிக்க வேண்டாம். போகணும்போல இருக்கிறது என்ற அளவுக்கு, சுமார் 200, 300 மில்லி சேர்ந்திருந்தால் போதும். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் சரியாக இருக்கும். நர்ஸ் போகச் சொன்னால், “இருமிப் பார்க்கணும்மா, அப்புறம் போறேன்” என்று சொல்லுங்கள். முதலில் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, நன்றாக, உண்மையாக இருமச் சொல்வோம். வரவில்லை என்றால் எழுந்து, காலை அகற்றி நின்று, கீழே ஒரு துணியோ காகிதமோ விரித்துக்கொண்டு மறுபடி இருமச் சொல்வோம். சிலருக்கு நின்றால்தான் தெரியவரும்.

அந்த நேரத்தில் டாக்டர் பார்ப்பது கசிகிறதா என்பதை மட்டுமல்ல, எப்போது கசிகிறது என்பதையும்தான். இருமின அதே கணத்தில் பீய்ச்சி, இருமல் நின்றதும் நின்றால் அது அழுத்தக் கசிவு. இருமி முடித்து, சில நொடி கழித்து, தொடர்ச்சியாக ஓடி, நிறுத்த முடியாமல் போனால் அது வேறு. இருமல் பையைத் தூண்டிவிட்டு, பை தானாகச் சுருங்குகிறது. இந்த ஒரு சில நொடி இடைவெளியில்தான் வைத்தியமே மாறுகிறது. ஆகவே தரையில் விழும் அந்தச் சொட்டுக்காக “சாரி டாக்டர், சாரி டாக்டர்” என்று சொல்லாதீர்கள். அதற்காகத்தான் நான் கீழே குனிந்திருக்கிறேன்.

அடி இறக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழே இறங்கியிருக்கும் பகுதி நீர்க்குழாயை மடக்கி அடைத்துக்கொண்டிருப்பதால் இதுவரை கசியாமல் இருந்திருக்கலாம். இறக்கத்துக்கு அறுவை செய்து மேலே ஏற்றியதும் கசிவு தொடங்கி, “ஆபரேஷனில் கெடுத்துட்டாங்க” என்று நினைப்பீர்கள். இறங்கிய பகுதியை மெல்ல உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னால், அறுவைக்கு முன்பே இது தெரிந்துவிடும்.

அதே மேஜையில் இடுப்புத்தளத் தசையின் பலத்தையும் பார்த்துவிடலாம். விரலைச் சுற்றி இறுக்கச் சொல்வோம். பூஜ்யத்திலிருந்து 5 வரை மதிப்பெண். மேலே இழுத்து இறுக்குவதற்குப் பதிலாகக் கீழே முக்குகிறவர்களைக் கண்டுபிடிக்க இது உதவும். அவர்கள் வீட்டில் எத்தனை மாதம் பயிற்சி செய்தாலும் தளம் தளரத்தான் செய்யும். யூட்யூப் பார்த்துச் செய்கிறேன், பலனில்லை என்கிறவர்கள் ஒரு தடவையாவது வந்து காட்டிவிட்டுப் போகலாம்.

இப்போது பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். போன பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். ட்யூப் தேவையில்லை. வயிற்று ஸ்கேனுக்கு எப்படியும் தண்ணீர் குடித்து நிறைத்துக்கொண்டுதானே போகிறீர்கள். போய்விட்டு வந்து மறுபடி ஒரு நிமிடம் பார்த்து எழுதச் சொல்லுங்கள். மிச்சம் 150 மில்லிக்குக் குறைவாக இருந்தால் கவலையில்லை. நீண்ட காலச் சர்க்கரை நோயில் நரம்பு மரத்து, பை முழுமையாகக் காலியாகாமல், நிறைந்து வழிவதுபோல் கசிகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் அழுத்தக் கசிவு மாதிரியே இருக்கும். அவர்களுக்கு அழுத்தக் கசிவுக்கான அறுவையைச் செய்தால் நீரே போக முடியாமல் போய்விடும்.

சில பழைய சோதனைகளின் பெயர்கள் உங்கள் காதில் விழலாம். நீர்க்குழாய்க்கு இருபக்கமும் விரலை வைத்துத் தூக்கிப் பிடித்து இருமச் சொல்வது, லண்டனின் விக்டர் பானி பெயரில் 1920களிலிருந்து வருவது. குழாய்க்குள் பஞ்சு முனைக் குச்சியை வைத்து எத்தனை டிகிரி எழும்புகிறது என்று அளப்பது இன்னொன்று. பிரிட்டனின் நைஸ் (NICE) என்னும் மருத்துவ வழிகாட்டு அமைப்பு இவை வேண்டாம் என்றே சொல்கிறது. நாப்கினை எடை போட்டுப் பார்ப்பது ஆராய்ச்சிக்கு உதவும், உங்களுக்கு அவசியமில்லை.

மிச்சமிருப்பது பக்கத்து வீட்டில் பயமுறுத்திய அந்த ட்யூப் சோதனை. யூரோடைனமிக் என்பார்கள். பையில் ஒரு மெல்லிய குழாய், மலக்குடலில் ஒன்று. சுத்தமான உப்பு நீரை மெதுவாக விட்டுப் பையை நிறைத்து, இரண்டு அழுத்தங்களையும் கம்ப்யூட்டர் கோடாக வரையும். மொத்த அழுத்தத்திலிருந்து வயிற்றின் அழுத்தத்தைக் கழித்தால், பை தானாகக் கொடுத்த அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். வலி பெரிதாக இருக்காது, கூச்சம் இருக்கும். அன்றைக்கு நீர் போகும்போது லேசாக எரியலாம், சிலருக்குத் தொற்று வரலாம்.

நல்ல சோதனைதான். எல்லோருக்கும் வேண்டுமா என்பதுதான் கேள்வி. 2012இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வெளியானது. அமெரிக்காவில் 630 பெண்கள். எல்லோருக்கும் இருமலில் கசிவு கண்ணால் பார்த்து உறுதியானது, மிச்ச நீர் 150க்குக் குறைவு. பாதிப் பேரை யூரோடைனமிக் செய்தபின் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். மறுபாதியை நான் மேலே சொன்ன எளிய சோதனைகளோடு அனுப்பினார்கள். ஒரு வருடம் கழித்து வெற்றி, முதல் கூட்டத்தில் 76.9 சதவீதம், இரண்டாவதில் 77.2. செலவழித்துக் குழாய் போட்டுப் பார்த்ததால் அவர்களுக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே கசிவு இருமலில் மட்டும்தான், பை சரியாகக் காலியாகிறது என்னும் நிலையில் யாராவது இந்தச் சோதனையை எழுதினால், “இதோட முடிவப் பொறுத்து என் வைத்தியம் மாறுமா டாக்டர்?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஏற்கெனவே இதற்கு அறுவை செய்து தோற்றவர்கள், இரண்டும் கலந்து எது முதன்மை என்று தெரியாதவர்கள், மிச்ச நீர் அதிகமுள்ளவர்கள், நரம்பு நோய் உள்ளவர்கள், பெரிய அடி இறக்கம் உள்ளவர்கள் ஆகியோருக்கு அது வேண்டும். அவர்கள் பயப்படாமல் செய்துகொள்ள வேண்டும். பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். ரத்தம் போனாலோ வேறு சந்தேகம் இருந்தாலோ மட்டும்.

சோதனை முடிந்த கையோடு ஆபரேஷன் என்ற பயமும் வேண்டாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சிதான் முதல் வைத்தியம். அமெரிக்காவின் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிய முறை அது. சரியாகச் சொல்லித்தர ஆள் இருந்து, மூன்று மாதமாவது செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் அறுவை பற்றிய பேச்சு. நீர்க்குழாய்க்கு அடியில் நாடா வைக்கும் அறுவை பலருக்கு நன்மை செய்திருக்கிறது. நாடா அரித்து, வலியோடு வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய குரலால்தான் 2018 ஜூலையில் இங்கிலாந்தில் அந்த அறுவை நிறுத்திவைக்கப்பட்டது. கசிவைக் கண்ணால் பார்க்காத டாக்டர் அறுவைக்குத் தேதி கொடுத்தால், தேதியைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொருவரிடம் காட்டுங்கள்.

சிலர் மட்டும் நோட்டு, மூன்று நாள் என்று காத்திருக்கக் கூடாது. பிரசவத்துக்கோ கர்ப்பப்பை அறுவைக்கோ பிறகு இரவும் பகலும் இடைவிடாமல் ஒழுகினால், அது பைக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே விழுந்த ஓட்டையாக இருக்கலாம். பைக்குள் நீல மருந்தை விட்டு, உள்ளே வைத்த பஞ்சில் நிறம் ஏறுகிறதா என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். சிறுநீரில் ரத்தம் வந்தாலும், திடீரென்று கால் மரத்து, நீர் போவதே தெரியாமல் போனாலும் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.

மற்றவர்களுக்கு அவசரமில்லை, ஆனால் இன்னும் பத்து வருடம் தள்ளிப்போடவும் வேண்டாம். தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொடுக்க உங்கள் வீட்டுக்கே வருகிறவர் ஒரு பெண்தான். அவரிடம் தொடங்கலாம். “இருமினா நனைஞ்சிடுதும்மா, எந்த டாக்டரைப் பாக்கணும்?” என்று, அடுத்த முறை மாத்திரை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகளிர் நல மருத்துவர்